மொறுமொறு வெங்காய பக்கோடா: முதல்முறை அடுப்படிக்கு வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னைக்கு வேலைக்கு வந்த முதல் ஐப்பசியில், மழை விடாமல் பெய்த ஒரு சாயங்காலம் பக்கோடா போட ஆசைப்பட்டேன். கடலை மாவைத் தோசை மாவு மாதிரி கரைத்து, வெங்காயத்தை அதில் போட்டு, கரண்டியால் எண்ணெயில் விட்டேன். வெளியே நல்ல நிறம். பிட்டுப் பார்த்தால் உள்ளே பச்சை மாவு. அடுத்த முறை சோடா உப்பைக் கூட்டினேன்; எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு பஞ்சு மாதிரி வந்தது. அதற்கடுத்த முறை தீயைக் கூட்டினேன். வெங்காயம் கருகியது, மாவு வேகவில்லை. இப்படி ஆறேழு முறை. ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் எண்ணெயும் ஒரு மணி நேரமும் போயின.

கடைசியில் மாடி வீட்டு அக்கா என் மாவைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்: "தம்பி, வெங்காயத்துக்குள்ளயே அவ்வளவு தண்ணி இருக்கு. நீ எதுக்குத் தனியா ஊத்துற?"

அதற்குப் பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. பக்கோடா மொறுமொறுவென்று வருவதும் சதசதவென்று போவதும் தண்ணீரைப் பொறுத்தது. மாவில் எவ்வளவு தண்ணீர் சேர்கிறது, எண்ணெயில் அது எவ்வளவு வெளியேறுகிறது, எடுத்து வைத்த பிறகு அது திரும்ப உள்ளே போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறோம், இந்த மூன்றையும் கவனித்தால் போதும். நான் பட்ட பாடு நீங்கள் பட வேண்டாம் என்றுதான் ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

1. பஜ்ஜியில் தொடங்காதீர்கள்

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் பஜ்ஜியைத்தான் எளிது என்று நினைக்கிறார்கள். காயை வெட்டு, மாவில் முக்கு, எண்ணெயில் போடு, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் பஜ்ஜி மாவின் பதம் பழகினால்தான் வரும். கொஞ்சம் நீர்த்தால் காயில் ஒட்டாது, கெட்டியானால் கனமான சட்டை போட்ட மாதிரி ஆகிவிடும். பக்கோடாவில் அந்தச் சிக்கல் குறைவு. மாவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கையால் தொட்டுப் பார்த்து அந்த இடத்திலேயே சரிசெய்துவிடலாம்.

பக்கோடாவிலும் இரண்டு வகை உண்டு. உருண்டையாக, உள்ளே மெத்தென்று இருப்பது மெது பக்கோடா. வெங்காய இழைகள் பிரிந்து, கடித்தால் நொறுங்குவது மற்றது. இங்கே நான் சொல்வது நொறுங்கும் வகை. இரண்டுக்கும் மாவுப் பதம் வேறு, தீ வேறு. ஒன்றின் குறிப்பைப் படித்துவிட்டு மற்றதை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

2. வாங்க வேண்டியவை, ஆகும் செலவு

மூன்று பேருக்கு டீயோடு சாப்பிடப் போதுமான அளவு இது:

பெரிய வெங்காயம் கால் கிலோ (நடுத்தர அளவில் மூன்று)
கடலை மாவு 100 கிராம்
அரிசி மாவு 35 முதல் 40 கிராம்
மிளகாய்த் தூள் 1 தேக்கரண்டி
உப்பு முக்கால் தேக்கரண்டி
சோம்பு அரை தேக்கரண்டி
பெருங்காயத் தூள் இரண்டு சிட்டிகை
இஞ்சி ஒரு சிறு துண்டு, பச்சை மிளகாய் 2, கறிவேப்பிலை இரண்டு கொத்து (கடைசியில் பொரித்துத் தூவ இன்னும் இரண்டு கொத்து)
பொரிக்க எண்ணெய் அரை லிட்டர்

எண்ணெய் நீங்கலாக நான் கணக்குப் போட்டுப் பார்த்தபோது 40 ரூபாய் பக்கம் வந்தது. வெங்காய விலை ஏறும் மாதங்களில் அது கூடும். எண்ணெய்தான் பெரிய செலவு. ஆனால் அரை லிட்டரும் பக்கோடாவுக்குள் போய்விடாது. சூடு சரியாக இருந்தால் பெரும்பகுதி வாணலியிலேயே நிற்கும், அதை வடிகட்டித் தாளிப்புக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கடலை மாவு வாங்கும்போது கவனம் தேவை. கடலைப் பருப்பை அரைத்ததுதான் கடலை மாவு. பொட்டுக்கடலை மாவு வேறு. அது ஏற்கனவே வறுபட்டது, பக்கோடாவுக்குச் சரிவராது. கடையில் அவசரமாகக் கேட்டால் மாற்றிக் கொடுத்துவிடுவதும் உண்டு, அதனால் பாக்கெட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். மிக மலிவாக உதிரியில் விற்கும் மாவில் பட்டாணி மாவு, கேசரிப் பருப்பு மாவு கலப்படம் நடப்பது உண்டு என்பதால் நான் அந்தப் பக்கம் போவதில்லை. வீட்டருகே மாவு மில் இருந்தால் இன்னும் நல்லது. அரை கிலோ கடலைப் பருப்பை வெயிலில் ஒரு நாள் காயவைத்து அரைத்துக்கொள்ளுங்கள். மாவு சற்றே நறநறவென்று இருந்தால் பக்கோடாவுக்கு நல்லதுதான்.

பாக்கெட்டைப் பிரித்ததும் ஒரு சிட்டிகை மாவை நாக்கில் வைத்துப் பாருங்கள். காறலோ கசப்போ தெரிந்தால் மாவு பழசு. எவ்வளவு மசாலா போட்டாலும் அந்த வாடை போகாது.

அரிசி மாவு சாதாரணமானதே போதும். இடியாப்ப மாவும் ஆகும். புட்டு மாவு வேண்டாம், பல்லில் மணல் மாதிரி சிக்கும். 'பஜ்ஜி, போண்டா மாவு' என்று வரும் தயார் கலவையைப் பயன்படுத்துவதாக இருந்தால் ஒரு விஷயம்: அதில் உப்பும் சோடாவும் பெரும்பாலும் ஏற்கனவே இருக்கும். மேலே நீங்களும் போட்டால் உப்புக் கரிக்கும், எண்ணெயும் குடிக்கும்.

எண்ணெயில் கடலை எண்ணெய் என் தேர்வு. சூரியகாந்தி எண்ணெயும் சரிதான். நல்லெண்ணெய் பொரிக்கும்போது நுரைத்துப் பொங்கும், முதல்முறை செய்பவர்கள் தவிர்க்கவும்.

3. பாத்திரம்

அடி கனமான, குழிவான வாணலி வேண்டும். இரும்பாக இருந்தால் மிக நல்லது. மாவு போட்டதும் சூடு சட்டென்று இறங்காது. குழிவு முக்கியம், ஏனென்றால் அரை லிட்டர் எண்ணெயிலேயே நடுவில் சுமார் 4 செ.மீ ஆழம் கிடைக்கும். தட்டையான பாத்திரத்தில் அதே ஆழத்துக்கு அதைவிடக் கூடுதல் எண்ணெய் ஊற்ற வேண்டியிருக்கும்.

ஜல்லிக்கரண்டி ஒன்று, துளை போட்ட வடிதட்டு ஒன்று, வடிதட்டுக்கு அடியில் வைக்க ஒரு தட்டு. வாணலியை முழுதாக மூடும் ஒரு மூடியைக் கை எட்டும் இடத்தில் வையுங்கள். அது எதற்கு என்று ஏழாவது படியில் சொல்கிறேன். எல்லாப் பாத்திரமும் துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். கழுவிய கரண்டியை ஈரத்தோடு எண்ணெயில் விட்டு எனக்கு முழங்கையில் தெறித்தது, தழும்பு இன்னும் இருக்கிறது.

4. வெங்காயம் நறுக்குவது

வெங்காயத்தை இரண்டாகப் பிளந்து, தலைப்பக்கமும் வேர்ப்பக்கமும் வெட்டிவிட்டு, நீளவாக்கில் மெல்லிசாக நறுக்குங்கள். கனம் 2 முதல் 3 மி.மீ. அதைவிட மெல்லிசானால் மாவு வேகும் முன்பே வெங்காயம் கருகும். தடிமனானால் உள்ளே ஈரம் தங்கி, பத்து நிமிடத்தில் பக்கோடா நமத்துவிடும்.

கனத்தைவிட முக்கியம் எல்லாம் ஒரே கனமாக இருப்பது. பாதி மெல்லிசு, பாதி தடிமன் என்றால் எந்த நேரத்தில் எடுத்தாலும் ஒரு பாதி கெடும். அவசரப்படாமல் நறுக்குங்கள். மூன்று வெங்காயத்துக்குப் பத்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை.

நறுக்கியதும் விரலால் இழை இழையாகப் பிரித்து உதிர்த்துவிடுங்கள். நான் ரொம்ப நாள் இதைச் செய்யாமல் விட்டேன். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டியே இருந்தால் இடையில் மாவும் போகாது, எண்ணெயும் போகாது.

5. உப்புப் போட்டுப் பத்து நிமிடம்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள், எல்லாமே இதில்தான் இருக்கிறது.

உதிர்த்த வெங்காயத்தில் உப்பு, மிளகாய்த் தூள், சோம்பு, பெருங்காயம், பொடியாக நறுக்கிய இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாவற்றையும் போட்டுக் கையால் நன்றாகப் பிசறுங்கள். கொஞ்சம் அழுத்திப் பிசறலாம், வெங்காயம் தாங்கும். பிறகு பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். உப்பு வெங்காயத்தின் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கும். திரும்பி வந்து பார்த்தால் வெங்காயம் துவண்டு, பாத்திரத்தின் அடியில் நீர் கோத்திருக்கும். அந்த நீரில்தான் மாவைப் பிசறப் போகிறோம். உப்பும் காரமும் வெங்காய வாசனையும் அதிலேயே இருக்கின்றன, கொட்டிவிடாதீர்கள்.

பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்தான். நான் ஒருமுறை போன் வந்து அரை மணி நேரம் விட்டுவிட்டேன். நீர் மிக அதிகமாகி, அதை இழுக்க மாவைக் கூட்டி, கடைசியில் வெங்காயம் எங்கே என்று தேட வேண்டியதாயிற்று. அப்படி நடந்துவிட்டால் மாவைக் கூட்டாமல், வெங்காயத்தை லேசாகப் பிழிந்து எடுத்துவிட்டு, வடிந்த நீரில் தேவையானதை மட்டும் திரும்பத் தெளியுங்கள்.

6. மாவு சேர்ப்பது

முதலில் அடுப்பில் எண்ணெயை வைத்துவிடுங்கள். பிறகுதான் மாவு. இந்த வரிசை மாறக்கூடாது.

காரணம் இதுதான்: மாவு சேர்த்த பிறகும் வெங்காயம் நீர் விட்டுக்கொண்டே இருக்கும். பிசறி வைத்துவிட்டு எண்ணெய் காயும் வரை காத்திருந்தால், கெட்டியாக இருந்த மாவு தளர்ந்துபோகும். முதல் ஈடு நன்றாக வந்து மூன்றாவது ஈடு சொதப்புவது பெரும்பாலும் இதனால்தான். அரை கிலோ, ஒரு கிலோ என்று செய்வதாக இருந்தால் வெங்காயத்தை இரண்டு மூன்று பங்காகப் பிரித்து, ஒரு பங்கு பொரிந்து முடியும்போது அடுத்த பங்குக்கு உப்புப் போடுங்கள்.

கடலை மாவையும் அரிசி மாவையும் சேர்த்துச் சலித்து, வெங்காயத்தின் மேல் பரவலாகத் தூவுங்கள். எண்ணெய் சூடானதும் அதிலிருந்து ஒரு மேசைக்கரண்டி எடுத்து மாவின் மேல் ஊற்றி, கரண்டியால் கிளறிவிட்டு, கை பொறுக்கும் சூடு வந்ததும் விரல்களால் பிசறுங்கள். மாவுத் துகள்களின் மேல் எண்ணெய் படிவதால் அவை தண்ணீரை அளவாகத்தான் இழுக்கும், பக்கோடாவின் வெளி ஓடும் கடிக்க இலகுவாக நொறுங்கும். சில வீடுகளில் இதற்கு நெய்யோ டால்டாவோ போடுவார்கள்.

இங்கே பிசறுவது வேறு, பிசைவது வேறு. சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தால் எல்லாம் ஒரே உருண்டையாகிவிடும். வெங்காய இழைகளின் மேல் மாவு ஒரு போர்வை மாதிரி ஒட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பதம் பார்க்க ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். பிடித்தால் சேர வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அடியில் உலர்ந்த மாவு மிச்சமிருந்தால் மட்டும் விரல்களை நனைத்துத் தண்ணீரைத் தெளியுங்கள். தம்ளரைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

அரிசி மாவைக் கூட்டினால் மொறுமொறுப்பும் கூடுமே என்று தோன்றும். ஓர் அளவு வரைக்கும்தான். கடலை மாவில் பாதிக்கு மேல் போனால் பக்கோடா மொறுமொறுப்பு என்ற நிலையைத் தாண்டிக் கல் மாதிரி ஆகிவிடும், ஆறினால் பல் வலிக்கும். சோளமாவு சேர்ப்பவர்களும் உண்டு. மொறுமொறுப்பு வரும், ஆனால் கடலை மாவின் அந்த வாசனை மங்கிவிடுகிறது என்பது என் எண்ணம்.

சோடா உப்பு இந்த வகைக்குத் தேவையே இல்லை. அது மாவைப் புசுபுசுவென்று ஆக்கும், மெது பக்கோடாவுக்கு வேண்டுமானால் ஒரு சிட்டிகை. அதற்கு மேல் போனால் எண்ணெயைக் குடிப்பதோடு நாக்கில் ஒரு மாதிரி சவர்க்காரச் சுவையும் நிற்கும்.

7. எண்ணெயின் சூடு

170 முதல் 175 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு மிளகு அளவு மாவைப் போட்டுப் பாருங்கள். அடியில் போய் உட்கார்ந்துகொண்டு மெதுவாக மேலே வந்தால் சூடு போதாது. விழுந்த அடுத்த கணமே சுற்றிலும் குமிழி விட்டு மேலே வந்து, நிறம் மாறாமல் மிதந்தால் சரியான சூடு. வந்த வேகத்தில் சிவந்துவிட்டால் சூடு அதிகம். தீயைக் குறைத்து இரண்டு நிமிடம் பொறுங்கள். புகை கிளம்பும்வரை விட்டுவிடக் கூடாது.

சூடு குறைந்த எண்ணெயில் போட்டால் ஏன் எண்ணெய் குடிக்கிறது? மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே சீறும் வரைக்கும் எண்ணெய் எளிதில் உள்ளே நுழைய முடியாது. சூடு குறைந்தால் அந்தச் சீற்றம் இல்லை, ஓடு கட்டுவதற்கும் நேரமாகிறது, பக்கோடா எண்ணெயில் ஊறிக்கொண்டு கிடக்கும். எண்ணெய்ப் பண்டம் என்றால் சிறு தீயில் செய்தால் நல்லது என்று நானும் நினைத்திருந்தேன். நடப்பது நேர்மாறு.

சரி, அந்த மூடி. எண்ணெய் தீப்பிடித்துக்கொண்டால் முதலில் அடுப்பை அணையுங்கள். மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி வாணலியை மூடுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் அது அந்தக் கணமே ஆவியாகி எரியும் எண்ணெயை அடுப்படி முழுக்க வீசும். வாணலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதும் ஆபத்து. எண்ணெய் அடுப்பில் இருக்கும்போது கதவைத் திறக்கக்கூடப் போகாதீர்கள். கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம், குழந்தைகள் வீட்டில் இருந்தால் பின்பக்க அடுப்பில் வையுங்கள்.

8. பொரிப்பது

பிசறியதில் ஒரு கைப்பிடி எடுத்து, எண்ணெய்க்குக் கிட்டத்தில் கையைக் கொண்டுபோய், விரல்களால் உதிர்த்து உதிர்த்துப் போடுங்கள். பயத்தில் தூரத்திலிருந்து போட்டால்தான் தெறிக்கும். உருட்டிப் போடாதீர்கள்.

எண்ணெயின் மேல்பரப்பில் பாதிக்கு மேல் நிரம்ப வேண்டாம். சீக்கிரம் முடிக்கலாம் என்று எல்லாவற்றையும் ஒரே ஈடாகக் கொட்டினால் சூடு இறங்கி, மேலே சொன்ன கதைதான். கால் கிலோ வெங்காயத்துக்கு மூன்று ஈடு என்று வைத்துக்கொள்ளுங்கள். போடும்போது தீ சற்றுக் கூடுதலாக, போட்டு அரை நிமிடம் கழிந்ததும் மிதமாக.

போட்டவுடன் கிளறக் கூடாது. மாவு இன்னும் ஒட்டியிருக்காது, கரண்டி பட்டால் கழன்று எண்ணெயெல்லாம் தூளாகும். ஒரு நிமிடம் கழித்துத் திருப்பிவிடுங்கள், அதற்குப் பிறகு அவ்வப்போது.

எப்போது எடுப்பது? நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மிளகாய்த் தூளின் தரத்தைப் பொறுத்து நிறம் ஏமாற்றும். காதைக் கொடுங்கள். ஆரம்பத்தில் சடசடவென்று பெரிய குமிழிகளோடு கொதிக்கும், அது தண்ணீர் போகும் சத்தம். நான்கைந்து நிமிடத்தில் அந்தச் சலசலப்பு அடங்கி, குமிழி சிறுத்து, கரண்டியால் தட்டினால் காய்ந்த சருகு மாதிரி சத்தம் வரும். அப்போது எடுங்கள். முழுதாகச் சிவக்கும்வரை காத்திருக்க வேண்டாம். எடுத்த பிறகும் உள்ளே இருக்கும் சூட்டில் நிறம் இன்னும் ஒரு படி ஏறும்.

ஒவ்வோர் ஈடுக்கும் இடையில் எண்ணெயில் கிடக்கும் தூளை அரித்து எடுத்துவிடுங்கள். விட்டால் அவை கருகி அடுத்த ஈட்டில் ஒட்டும். சூடு மறுபடி ஏற ஒரு நிமிடம் கொடுங்கள்.

9. எடுத்து வைப்பதில் கெடுத்துவிடாதீர்கள்

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு நான் கெடுத்தது இங்கேதான். எடுத்த பக்கோடாவை எவர்சில்வர் டப்பாவில் போட்டு, சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று மூடி வைத்தேன். ஐந்து நிமிடத்தில் மொத்தமும் நமத்துவிட்டது. எண்ணெய் கஷ்டப்பட்டு வெளியேற்றிய ஆவியை நான் மூடி போட்டு உள்ளேயே பிடித்து வைத்திருக்கிறேன். ஹாட்பாக்ஸும் அப்படித்தான்.

ஜல்லிக்கரண்டியில் எடுத்ததும் வாணலிக்கு மேலேயே பத்து விநாடி பிடித்து, நன்றாக உதறுங்கள். பண்டம் எண்ணெயை இழுப்பதில் பெரும்பகுதி எடுத்த பிறகு, ஆறும்போதுதான் நடக்கிறது. மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே போகும் முன்பே அதை வடித்துவிட வேண்டும். பிறகு வடிதட்டில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள், குவிக்காதீர்கள்.

செய்தித்தாளில் போடாதீர்கள். சூடான எண்ணெயில் அச்சு மை கரைந்து உணவில் ஏறும். உணவைச் செய்தித்தாளில் வைப்பதையும் மடிப்பதையும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுப் பொதிவு விதிமுறைகள் தடை செய்திருக்கின்றன. பழக்கத்தில் நம் வீடுகளில் அது இன்னும் போகவில்லை.

கடைசியில் எண்ணெய் சூடாக இருக்கும்போதே இரண்டு கொத்து கறிவேப்பிலையை ஈரமில்லாமல் துடைத்துப் போட்டுப் பொரித்து, பக்கோடாவின் மேல் நொறுக்கிவிடுங்கள். கடைகளில் வரும் அந்த வாசனை இதுதான்.

10. விருந்தாளி வரும் நாளுக்கு நேரக் கணக்கு

ஐந்து மணிக்கு வருகிறார்கள் என்று வையுங்கள். நான்கு மணிக்குள் வெங்காயம் நறுக்கி வைத்து, மணி நான்கானதும் உப்புப் போடுங்கள். நான்கே காலுக்குப் பொரிக்கத் தொடங்கி, ஒவ்வோர் ஈட்டையும் முக்கால் வேக்காட்டில், மூன்று நிமிடத்திலேயே எடுத்துப் பரப்பிவிடுங்கள். நான்கரை மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம். அவர்கள் வந்து உட்கார்ந்ததும் எண்ணெயை 180 டிகிரி அளவுக்குக் காயவைத்து, இரண்டு ஈடாக ஒரு நிமிடம் மட்டும் மறுபடி பொரியுங்கள். முதல் பொரிப்பில் வெந்தது, ஆறும்போது உள்ளே இருந்த ஈரம் மேலே வந்தது, இரண்டாவது பொரிப்பில் அதுவும் போகிறது. ஒரே தடவையில் பொரித்ததைவிட இது நீண்ட நேரம் மொறுமொறுப்பாக நிற்கும். மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் எனக்கு இந்த முறைதான் கைகொடுக்கிறது.

11. கை பழகியதும் மற்ற காய்கள்

முட்டைக்கோஸ் வெங்காயம் மாதிரியேதான், உப்பில் பிசறி வையுங்கள். கீரை என்றால் கழுவி, துணியில் பரப்பி நன்றாக உலர்த்திய பிறகே நறுக்க வேண்டும். வாழைப்பூவுக்கு நரம்பும் கண்ணாடி மாதிரி இருக்கும் சிறு இதழும் நீக்கி, மோர் கலந்த தண்ணீரில் போட்டு வைத்து, பிழிந்து எடுத்துச் சேர்க்கலாம். காலிஃபிளவரைக் கொதித்த உப்பு, மஞ்சள் நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, ஆறவைத்து, ஈரம் போகத் துடைத்துவிட்டுச் செய்யுங்கள்.

பஜ்ஜிக்கு வரும்போது கடலை மாவு நான்கு பங்குக்கு அரிசி மாவு ஒரு பங்கு. தண்ணீரைச் சிறுகச் சிறுக விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, இரண்டு நிமிடம் நன்றாக அடியுங்கள். காயை முக்கித் தூக்கினால் மாவு அதன் நிறத்தை மறைக்க வேண்டும், நிற்காமல் சொட்டவும் கூடாது. வாழைக்காயை 3 மி.மீ கனத்தில் சீவித் தண்ணீரில் போட்டு வைப்போம், கறுக்காமல் இருக்க. அந்த ஈரத்தோடு மாவில் முக்கினால் சட்டை கழன்றுவிடும். துணியில் ஒற்றி எடுத்த பிறகு முக்குங்கள். மிளகாய் பஜ்ஜி என்றால் மிளகாயைக் கட்டாயம் கீறிவிடுங்கள். கீறாமல் முழுசாகப் போட்டால் உள்ளே ஆவி அடைத்து எண்ணெயில் வெடிக்கும்.

12. மீந்த எண்ணெய், மீந்த பக்கோடா

எண்ணெய் முழுதாக ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, மூடியுள்ள பாத்திரத்தில் வெளிச்சம் படாமல் வையுங்கள். புது எண்ணெயோடு கலக்காதீர்கள், அதுவும் சேர்ந்து சீக்கிரம் கெடும். ஓரிரு நாளில் தாளிப்புக்கோ தோசைக்கோ தீர்த்துவிடுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் துருவச் சேர்மங்கள் என்ற கெடு பொருட்கள் கூடும். அவற்றின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் உள்ள விதி. வீட்டில் அதை அளக்க வழியில்லை, கண்ணையும் மூக்கையும்தான் நம்ப வேண்டும். கறுத்து, பிசுபிசுத்து, காய்ச்சும்போது நுரை கட்டினால் இனி வேண்டாம். தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும். பழைய பாட்டிலில் அடைத்துக் குப்பையில் போடுங்கள்.

பக்கோடா மீந்தால், நன்றாக ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் மறுநாள் வரை நிற்கும். நமத்திருந்தால் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் சிறு தீயில் நான்கைந்து நிமிடம் புரட்டுங்கள், இல்லையென்றால் ஏர் ஃபிரையரில் 180 டிகிரியில் நான்கு நிமிடம். மைக்ரோவேவ் வேண்டாம், இன்னும் துவண்டுவிடும். அதற்கும் சரிவராத அளவுக்கு நமத்துப் போயிருந்தால் மோர்க்குழம்பு வைத்து, அடுப்பை அணைத்ததும் அதில் போட்டு மூடிவிடுங்கள். கால் மணி நேரத்தில் ஊறிவிடும், சூடான சோற்றுக்கு நன்றாக இருக்கும்.